சொந்த வீட்டு வாக்கியங்கள்

மக்களே, டிக்ளைன் என்கிற இங்கிலீஷ் சொல்லுக்கு என்ன பொருள் என்று நேற்று இரண்டு பேரும் என்னிடம் கேட்டீர்கள். போனில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். பத்தாம் வகுப்போடு நின்றவனுக்கு அது எங்கே தெரியும் என்று நினைத்திருப்பீர்கள். தெரியும். அந்த ஒரு சொல் எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அதைச் சொல்லத் தொடங்கினால் உங்கள் அத்தையைப் பெண் பார்க்க வந்த கதையையும் சொல்ல வேண்டும். அதனால் எழுதியே தந்துவிடுகிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. எங்கள் ஊரான கொல்லயிலில் இருந்து பாறசாலைப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போவேன். எங்கள் இங்கிலீஷ் டீச்சருக்கு ஒரு நிர்ப்பந்தம் உண்டு. ஒரு சொல்லைச் சொல்லித் தந்தால் அதை வைத்து வாக்கியம் எழுத வேண்டும். அது அவரவர் வீட்டில் நடந்ததாக இருக்க வேண்டும். கைடைப் பார்த்து எழுதினால் பிரம்பு. அந்த வாரம் டிக்ளைன். விலை இறங்குவது, உடம்பு தளர்வது, இருந்தது கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் போவது, பிறகு ஒன்றை மரியாதையாக வேண்டாம் என்று சொல்வது. நான்கு பொருள், நான்கு வாக்கியம். மற்ற பிள்ளைகள் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேலை நிறையவே இருந்தது. நான் சீக்கிரம் எழுதிவிட்டேன். சனிக்கிழமை அக்கா அதை வாங்கிப் படித்தாள். ஒரே ஒரு எழுத்தைத் திருத்திவிட்டு, "கொள்ளாம்லே" என்று மெச்சித் திருப்பித் தந்தாள்.

மறுநாள் அவளைப் பெண் பார்க்க அதியன்னூரில் இருந்து வருவதாக இருந்தது. அப்பாவின் தாத்தா மகாராஜா காலத்து அரசாங்கக் கச்சேரியில் எழுத்துவேலை பார்த்தவர். ஆரியங்கோட்டில் எங்களுக்கு ரப்பர் தோட்டமும் இருந்தது. இரண்டும் பேச்சில் மட்டும் மிச்சம். ஆனால் அப்பா தரகரிடம் ரப்பர் உண்டு என்றே சொல்லியிருந்தார். முன்பு வந்த இரண்டு வீட்டுக்காரர்களிடம் உள்ளதைச் சொன்னார்; சாயா குடித்துவிட்டுப் போனவர்கள்தான், பிறகு ஒரு விவரமும் இல்லை. அக்காவுக்கு இருபத்தெட்டு ஆகியிருந்தது. இதுவும் கைவிட்டுப் போனால் என்ன செய்வது என்று அம்மா காலையிலிருந்து ஒன்றும் தின்னவில்லை.

மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாய்மாமா என மூன்று பேர் வந்தார்கள். பெண்ணிடம் நேராகக் கேள்வி கேட்பது மரியாதை இல்லை என்று நினைக்கிறவர்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. அப்படிப்பட்டவர்கள் வீட்டில் படிக்கிற பிள்ளையைக் கூப்பிட்டு நோட்டைக் காட்டச் சொல்வார்கள். அதில் குடும்பத்தின் லட்சணம் தெரிந்துவிடுமாம்.

"எலே மக்கா, உனக்க நோட்டு ஒண்ணு எடுத்துட்டு வா, பாக்கட்டு" என்றார் தாய்மாமா.

உள்ளே ஓடினேன். அடுக்களை வாசலில் நின்ற அக்கா, அடுக்கில் இருந்த ஆறு நோட்டில் ஒன்றை உருவி என் கையில் தந்தாள்.

"சத்தமா வாசி. பொருளையும் சொல்லணும், கேட்டியா?" என்றாள்.

வெளியே வந்து வாசித்தேன். முதலாவது: தேங்காய் விலை டிக்ளைன் ஆகிவிட்டது.

"நேராக்கும்" என்று தாய்மாமா தலையாட்டினார்.

இரண்டாவது: எங்கள் அப்பாவின் பல் டிக்ளைன் ஆகிவருகிறது, மிச்சம் பதினொன்று உண்டு. மாப்பிள்ளையின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்பாவும் சிரித்து வைத்தார், உதட்டைப் பிரிக்காமல். எனக்கு உற்சாகம் ஏறிவிட்டது. மூன்றாவதை இன்னும் சத்தமாக வாசித்தேன். எங்கள் ரப்பர் தோட்டம் டிக்ளைன் ஆகி, முதலில் பாதி போயிற்று, பிறகு முழுதும் போயிற்று.

ஒருவரும் சிரிக்கவில்லை.

"எலே, போரும். உள்ள போ" என்றார் அப்பா.

"அவன் நிக்கட்டு" என்றார் தாய்மாமா. "இன்னும் உண்டா மக்கா?"

"ஒண்ணு உண்டு" என்றேன். நான்காவது: இரண்டு வீட்டுக்காரர்கள் எங்கள் அக்காவை டிக்ளைன் செய்துவிட்டார்கள்.

தாய்மாமா சாயா கிளாஸைக் கீழே வைத்தார். "அப்போ ஆரியங்கோட்டு ரப்பரு?"

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இல்ல. வித்து பத்து வருசம் ஆச்சு. உண்டுன்னு சொன்னது எனக்க தப்பு."

அதுவரை வாய் திறக்காத மாப்பிள்ளை, "மாமா, அப்போ நம்மளும் சொல்லிருவோம்" என்றார்.

"சும்மா இருடே."

"இல்ல மாமா. நெய்யாற்றின்கரையில எனக்க வேலை பெர்மனன்ட் இல்ல, டெம்பரவரி ஆக்கும். நீங்க மாத்திச் சொன்னதுலேருந்து எனக்கு உறக்கமில்ல."

"இவன சாயா குடிக்கக் கூட்டிட்டு வந்தேனா, வாயத் தொறக்கக் கூட்டிட்டு வந்தேனா?" என்று தாய்மாமா தலையில் கைவைத்தார். முதலில் சிரித்தது மாப்பிள்ளையின் அம்மாதான். பிறகு அப்பா சிரித்தார், இந்தத் தடவை பதினொரு பல்லும் தெரிய. அக்கா யாரும் கூப்பிடாமலே வெளியே வந்து நின்றாள். போவதற்கு முன்பே கல்யாண நாளும் பேசிவிட்டார்கள். டெம்பரவரியாக இருந்த அந்த மாப்பிள்ளைதான் உங்கள் மாமா.

அவர்கள் போன பிறகு அப்பா முற்றத்துக் குழாயில் முகம் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். நிமிர்ந்தபோது கண் சிவந்திருந்தது. பக்கத்தில் அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். என்னை யாரும் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அது எனக்கு அடியைவிடப் பயமாக இருந்தது. மனதில் இருந்த பாரம் இறங்கும்போதும் பெரியவர்களுக்குக் கண் நிறையும் என்று எனக்கு அன்று தெரியாது. ஆறு நோட்டில் அக்கா அதையே ஏன் உருவினாள் என்று யோசிக்கவும் தெரியாது. அப்பாவை அழவைத்தது நான் எழுதியதுதான் என்று முடிவுசெய்துவிட்டேன்.

நோட்டை எடுத்துக்கொண்டு வீட்டின் பின்புறம் பலாமரத்தடிக்குத் தனியாகப் போனேன். அந்தத் தாளைக் கிழித்துத் துண்டு துண்டாக்கினேன். புதிய பக்கத்தில், யாருடைய வீட்டுக்கும் சம்பந்தம் இல்லாதபடி, சூரியன் மேற்கே டிக்ளைன் ஆகிறது என்று ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என நம்பர் போட்டு நான்கு தடவை எழுதினேன்.