வியன்னா அரங்கில் அத்தா இடம் பிடித்த கதை

ஈரக் கம்பளிக் கோட்டும் சர்க்கரையில் வறுத்த பாதாமும் கலந்து அடிக்கும் ஒரு வாடை உண்டு; இத்தனை வருடங்களுக்குப் பிறகும் அது மூக்கில் பட்டால் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுவேன். வியன்னாவில் ஒரு பெரிய உள்ளரங்கின் வாசலில் அதை முதன்முதலாக முகர்ந்தபோது எனக்குப் பத்து வயது. நியூ ஜெர்சி ஐசலினில் குடியிருந்த நாங்கள், வேலை நிமித்தம் இரண்டு மாதம் அங்கே போயிருந்த அப்பாவை, எங்கள் வீட்டு வழக்கில் அத்தாவை, பார்க்கப் பள்ளி விடுமுறையில் போயிருந்தோம். அரண்மனை, தேவாலயம் என்று அம்மா வாய் பிளந்து பார்த்துக்கொண்டு வர, எனக்கு வேண்டியிருந்தது பனித்தரை நடனம் ஒன்றுதான். நச்சரித்து நச்சரித்து டிக்கெட் வாங்க வைத்தேன்.

எங்கள் டிக்கெட்டுக்கு உரிய மாடி வரிசைகளில் இருக்கை எண் கிடையாது, முந்தினவருக்கு இடம். அத்தா தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர். பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியே துண்டு வீசி "சீட்டுப் பிடித்து" வளர்ந்தவர். தள்ளுவண்டியில் தூங்கும் தம்பியோடு அம்மாவை வாசலில் விட்டுவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு படி ஏறி ஓடினார். முன்வரிசையில் ஒரு இருக்கையில் தன் கோட்டு, அடுத்ததில் மப்ளர், அதற்கடுத்ததில் எங்கள் சாப்பாட்டுப் பை, நாலாவதில் நான். பைக்குள் எலுமிச்சம் சோறு நிரம்பிய எவர்சில்வர் டிபன் பாக்ஸும், பிளாஸ்க்கும், கேமரா சார்ஜரும் இருந்தன. சார்ஜரின் ஒயர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"இடத்தை விட்டு அசையக் கூடாது, தெரியுதா? அம்மாவைக் கூட்டிட்டு வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் அசைந்தேன். கீழே பனியைத் தேய்த்து வழவழப்பாக்கும் வண்டி ஒன்று சுற்றிச் சுற்றி வந்தது. கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்போல் இருந்தது, போய்விட்டேன், அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தபோது எங்கள் வரிசையில் சீருடைக்காரர்கள் நின்றார்கள், ஒலிபெருக்கியில் புரியாத மொழியில் யாரோ பேச, சுற்றியிருந்த ஜனமெல்லாம் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கியது. உலகமே கேட்பாரற்ற பைகளைக் கண்டு நடுங்கிய வருடங்கள் அவை. அந்தக் கூட்டத்தை எதிர்த்துக்கொண்டு அத்தா, "என் பை, என் பை" என்று ஆங்கிலத்தில் கத்தியபடி மேலே ஏறி வந்தார்.

எங்கள் இருவரையும் ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப் போனார்கள். பாஸ்போர்ட்டில் இருந்த "முகம்மது" என்ற பெயரை அந்த அதிகாரி இரண்டு முறை படித்தார். பையோடு மகளை உட்கார வைத்துவிட்டுத்தான் போனேன் என்று அத்தா சொல்ல, அதிகாரி என் பக்கம் திரும்பினார். அவர் மிரட்டவில்லை, அன்பாகவேதான் கேட்டார்: பையை விட்டுவிட்டு வரும்படி யாராவது உன்னைக் கூப்பிட்டார்களா?

"அத்தா கூப்பிட்டார்" என்றேன்.

வேறென்ன சொல்ல? திட்டு விழுமே என்ற பயம், அதற்கு மேல் எதுவும் என் மண்டையில் இல்லை. அத்தா என்னையே பார்த்தார். பிறகு அதிகாரியிடம், "ஆமாம், நான்தான் கூப்பிட்டேன்" என்றார். முதலில் ஒன்று சொல்லிவிட்டு இப்போது மாற்றிச் சொல்கிறாரே என்று அவர்கள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். எங்களை வெளியே விட்டபோது நடனம் முடிந்து, துடைப்பக்காரர்கள் மட்டும் இருந்தார்கள்.

அடுத்த வருடம் கிரீன் கார்டு மனுவில், போலீசார் எப்போதாவது உங்களைத் தடுத்து வைத்ததுண்டா என்றொரு கேள்வி வந்தது. பக்கத்து அபார்ட்மென்ட் அங்கிள், "நோன்னு டிக் பண்ணுங்க பாய், வியன்னால நடந்தது இவங்களுக்கு எப்படித் தெரியப்போவுது?" என்றார். "பொய் சொல்லி வாங்குற கார்டு எனக்கு வேணாம்" என்று அத்தா சொன்னது, பக்கத்தில் கணக்குப் பாடம் போட்டுக்கொண்டிருந்த எனக்குச் சுருக்கென்றது. உண்மையை எழுதினார். மனு வருடக்கணக்கில் கிடப்பில் கிடந்தது. வேறு காரணமும் இருந்திருக்கலாம், யார் கண்டார்கள்? ஆனால் அந்த நாட்களில்தான் ஊரில் அவருடைய தகப்பனார் மௌத்தானார். இப்போது வெளியே போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை என்று வக்கீல் கையை விரித்துவிட்டார். அடக்கத்துக்கு அத்தா போகவில்லை. வீட்டுக்குக் கீழே இருந்த கார் ஷெட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அவர் அழுத சத்தம் சமையலறை வரை கேட்டது.

இப்போது எல்லோருக்கும் குடியுரிமை வந்துவிட்டது. அந்த அபார்ட்மென்டை விட்டு பிரிட்ஜ்வாட்டருக்கு வந்தும் நாளாயிற்று. போன மாதம் அத்தாவோடு தனியாக இருந்தபோது, சொல்லிவிடுவது என்று துணிந்து, "அத்தா, வியன்னால அந்த பேக்..." என்று ஆரம்பித்தேன்.

"அத ஏம்மா கேக்குற? நீ பாட்டுக்கு சும்மா உக்காந்திருந்தே. நாந்தான் புத்தியில்லாம கீழேர்ந்து கையக் காட்டி, வா வான்னு கூப்பிட்டுட்டேன். இன்னும் கண்ணு முன்னாடியே நிக்குது. ஆசப்பட்ட ஷோவப் பாக்க விடாம பண்ணிட்டேனே, மன்னிச்சுக்கம்மா."

அவர் கை காட்டவே இல்லை. எனக்காகச் சுமந்த பொய், சுமந்து சுமந்து அவருக்கு நினைவாகவே ஆகிவிட்டிருக்கிறது. அன்று நடந்ததை அறிந்தவள் இனி நான் ஒருத்திதான். இந்த முறை என் எதிரே அதிகாரி யாரும் இல்லை, எனக்குப் பத்து வயதும் இல்லை.

"விடுங்க அத்தா, பரவால்ல" என்று அவரை மன்னித்தேன்.