முடியவே முடியாத ஒயர் கூடை

முதல் கரு மூன்றாம் மாதமே கலைந்துவிட்டதால், இரண்டாம் முறை டாக்டர் என்னைப் படுக்கையிலேயே இருக்கச் சொல்லிவிட்டார். பாப்பா அசைகிறதா என்று வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதே என் வேலையானது. சேலத்தில் எங்கள் வீட்டில் தங்கிப் படித்த தங்கை, ஒருநாள் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து பச்சையும் மஞ்சளுமாக ஒயர் வாங்கி வந்தாள்.

"ஸ்கூல் லீவுல போட்ட மாதிரி கூடை போடலாம்க்கா."

தினமும் மாலையில் சேர்ந்து பின்னினோம். சின்ன வயதுச் சண்டைகளைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். கூடை மட்டும் வளரவில்லை. "வாய்தான் வேலை செய்யுது, கை செய்யல" என்று அவளைத் திட்டுவேன். ஒயர் நெளிநெளியாக இருந்ததால், பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டார் என்று கடைக்காரரையும் திட்டினேன். பிரசவத்துக்கு முந்தைய வாரம்தான் கூடை முடிந்தது.

மகள் நல்லபடியாகப் பிறந்தாள். மாதா கோயில் நன்றிப் பூசைக்குக் காணிக்கைப் பழங்களை அந்தக் கூடையில் அடுக்கும்போது, மறுபடியும் கடைக்காரரைக் குறை சொல்ல ஆரம்பித்தேன்.

"பாவம், அவரை விடுக்கா. நீ கண்ணசந்ததும் நான்தான் ரெண்டு வரிசையைப் பிரிச்சு வெச்சிடுவேன்."

"ஏண்டி?"

"கூடை முடிஞ்சிட்டா, நீ திரும்ப வயித்தைத் தொட்டுப் பாத்துட்டு உக்காந்துடுவியே."

மீதிப் பழங்களை அடுக்கினேன்.

கோயிலில் ஃபாதர், அவரவர் நன்றியை மனதுக்குள் சொல்லச் சொன்னார். டாக்டர், கணவர், அம்மா என்று முன்பே யோசித்து வைத்திருந்தேன். ஆனால் முதலில் வந்தது தங்கையின் பெயர். அதை அவளிடம் நேரில் சொல்ல இன்னும் கூச்சமாக இருக்கிறது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.