சண்டைக்குப் பிறகு விரித்த துணி

போன ஞாயிற்றுக்கிழமை, இங்கே வந்து குடியேறிய எங்கள் ஊர்ச் சங்கத்தார் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பார்க்டேல் பகுதியில் ஒரு தேவாலயத்தின் பேஸ்மென்ற் மண்டபம். தலைப்பு: ‘சண்டைக்குப் பிறகு அமெரிக்கக் கலை’. யார் கொடுத்த தலைப்பு? நானேதான். நூலகத்தில் இரண்டு புத்தகம் புரட்டினால் யாருக்கும் இந்தத் துணிவு வரும்!

விஷயம் இதுதான். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் நியூயோர்க் ஓவியர்கள் சிலருக்குப் பூவும் முகமும் வரைந்தது போதும் என்று ஆகிவிட்டது. பெரிய துணியைத் தரையில் விரித்தார்கள். பெயின்ற்றை ஊற்றினார்கள், தெளித்தார்கள்... அதுவரை பாரிஸைப் பார்த்துக்கொண்டிருந்த கலை உலகம் நியூயோர்க் பக்கம் திரும்பியது.

சொல்ல நன்றாகத்தான் இருக்கிறது. காட்டுவதற்கு ஒரு படம் வேண்டாமா?

புறப்படும்போது அது கண்ணில் பட்டது. முதல் நாள் மனைவியின் தம்பி குகன் எங்கள் சென் ஜேம்ஸ் ரவுண் வீட்டுக் குசினிக்குப் பெயின்ற் அடித்திருந்தான். குழம்பு தெறித்த சுவரைக் கட்டடம் பார்க்கும் சூப்பரின்ரென்டன்ற் பார்க்குமுன் மறைக்க வேண்டுமே! கீழே விரித்திருந்த பெட்சீற்றில் மஞ்சள் சொட்டு, நீலச் சொட்டு, நடுவில் குகனின் காலடி. அசல் நியூயோர்க்! சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஸ்ட்ரீட்கார் ஏறினேன்.

மேடையில் தொங்கவிட்டு, “இப்படித்தான் கீறினவை” என்றேன். சபை கழுத்தை நீட்டிப் பார்த்தது.

முன்வரிசையில் சங்கத்தின் மூத்தவர் செல்வம் அண்ணை எழும்பினார்.

“தம்பி, அவையின்ர சண்டை முடிஞ்சுது, கீறினவை. ஊரில எங்கட சண்டை முடிஞ்சால் நாங்கள் என்னத்தைக் கீறுவம்?”

நான் குறிப்புத் தாளைப் புரட்டினேன். அந்த நேரம் பார்த்து, வேலை முடிந்து நேரே வந்திருந்த என் மனைவி பத்மாவின் குரல் கதவடியிலிருந்து கேட்டது.

“ஐயோ, உது என்ர பெட்சீற்!”

மூலையில் அவள் கையால் தைத்த கிளி. யாழ்ப்பாணத்தை விட்டு ஓடி வரும்போது உடுப்போடு அவள் எடுத்து வந்த ஒரே வீட்டுச் சாமான் அது. இங்கே ஒருநாளும் விரிக்காமல் அலுமாரியில் பத்திரமாக வைத்திருந்தாள். எடுத்து விரித்த குகனுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்... ஆனால் நான் பெயின்ற்றைப் பார்த்தேனே தவிர, கிளியைப் பார்த்தேனா?

செல்வம் அண்ணை சமாதானம் பேசினார். “விடு பிள்ளை. உது இனிக் கலை.”

“கலையோ? கிளியின்ர தலை எங்க அண்ணை?”

அண்ணை உட்கார்ந்துவிட்டார். கூட்டம் கலைந்தது.

வீட்டில் குகன், “அத்தான், நான் பழசெண்டு நினைச்சன்” என்று சொல்லிவிட்டு நழுவினான். பத்மா பெயின்ற் கரைக்கும் தின்னர் தொட்ட துணியால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் கிளியின் ஒரு கண் தெரிந்தது. அவள் அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. அதற்குப் பிறகுதான் சண்டை தொடங்கியது!

அமெரிக்காவில் சண்டைக்குப் பிறகு தரையில் துணியை விரித்தார்களாம். எங்கள் வீட்டில் விரிக்கப்பட்டது என் பாய். போர்த்துக்கொள்ளக் கிடைத்தது... அந்த ஓவியம்!