ரிசர்வ் செய்த பாறை

எங்கள் ஊரில் அமாவாசையன்று தறி ஓடாது. மாதம் முழுக்கக் காதைத் துளைக்கும் ஆரணி அன்று ஒரு நாள் வாயை மூடிக்கொள்ளும். அதனால் துக்கம் விசாரிப்பது, சினிமா, பல் பிடுங்குவது எல்லாமே எங்களுக்கு அமாவாசையில்தான். எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம் அக்காவைப் பெண் பார்க்க ஏற்பாடானதும் அப்படி ஒரு நாளில்தான். இடம், செஞ்சிக் கோட்டை.

அதற்கு முன் வீட்டுக்கு வந்து பார்த்தவர்கள் எல்லோரும் பஜ்ஜியைத் தின்றுவிட்டு, ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள். ஒரு தரம்கூடச் சொல்லி அனுப்பவில்லை. தெருவே அதைக் கணக்கு வைத்துக்கொண்டிருந்தது. அக்கா கறாராகச் சொல்லிவிட்டாள். "இதான் கடைசி. இதுக்கு மேல என்னை ஜோடிச்சு உக்கார வெக்காதீங்க." அவள் நகர்ந்தால்தான் பின்னால் நிற்கும் எனக்கு வழி என்பதால் எனக்கும் இதில் அக்கறை இருந்தது.

யோசனை தரகருடையது. பையன் செஞ்சிப் பக்கத்தில் பள்ளிக்கூட வாத்தியார். இரண்டு குடும்பமும் கோட்டை பார்க்கப் போவது, போன இடத்தில் தற்செயலாகச் சந்திப்பது. பிடித்தால் பேச்சு, பிடிக்காவிட்டால் யாரும் யாரையும் பார்க்கவே இல்லை.

"அமாவாசையில பொண்ணு பாக்கறதாங்க?" என்று அம்மா இழுத்தாள்.

"பாக்கலியேம்மா. கண்ணுல படறீங்க, அவ்ளோதான்" என்றார் தரகர்.

தற்செயல் கெட்டுவிடக் கூடாதாம். அதனால் அவர் எங்களோடு வராமல் அடுத்த பஸ்ஸில் வருவதாகச் சொன்னார். கோட்டைக்குப் போகும் ரோட்டோரத்தில் ஒரு பெரிய பாறை இருக்கும், அதன் நிழலில் நில்லுங்கள் என்று மட்டும் அடையாளம் சொல்லியிருந்தார்.

அப்பா கட்சிக்காரர். அன்றைக்காவது சாதா வேட்டி கட்டச் சொன்னாள் அம்மா. கரையில்லாத வேட்டி கட்டினால் தனக்கு நடக்கவே வராது என்றார் அப்பா. அக்கா பட்டுப் புடவையில் இருந்தாள். பட்டு நெய்கிற வீட்டில் பட்டு கட்டுவது பெண் பார்க்கும் நாளில்தான்.

சேத்துப்பட்டு தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் மலைகள் தெரிந்தன. மலை என்று சொல்வதே மரியாதைக்குத்தான். பாறை மேல் பாறை, அதன் மேல் பாறை. லாரியிலிருந்து மூட்டை இறக்கியவன் பாதியில் டீ குடிக்கப் போய்த் திரும்பி வராதது போலக் கிடந்தன. ராஜா, சுல்தான், மராட்டியர், நவாப், பிரெஞ்சுக்காரன், வெள்ளைக்காரன் என்று அத்தனை பேரும் அதன் மேல் கோட்டை பிடித்தார்கள். அத்தனை பேரும் விட்டுவிட்டுப் போனார்கள். பாறை யாரையும் போகாதே என்று தடுக்கவில்லை.

எங்கள் பாறையும் இருந்தது. அதன் வயிற்றில் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் எலெக்‌ஷனுக்கு ரொம்ப நாள் முன்பே கட்சிக்காரர்கள் சுவரை வெள்ளையடித்து, மூலையில் கட்சிப் பேரோடு 'ரிசர்வ்' என்று எழுதிவிடுவார்கள். அப்புறம் வீட்டுக்காரனே அந்தச் சுவரில் சாய யோசிப்பான். இந்தப் பாறையின் மூலையில் அப்பாவின் கட்சி ரிசர்வ் செய்திருந்தது. நடுவில், ஈரம் காயாமல், அடுத்த கட்சியின் பேர் இருந்தது.

நிழலில் கதர் ஜிப்பா போட்ட ஒருவர் பெண்டாட்டியோடும் மகனோடும் உட்கார்ந்திருந்தார். அப்பா பொதுவாகப் பாறையைப் பார்த்துச் சொன்னார். "ரிசர்வ் பண்ண எடத்துல எழுதறதுக்கு வெக்கம் வேணும்."

"பாறை இன்னா உங்க பாட்டன் சொத்தாங்க?" என்றார் ஜிப்பா.

அவ்வளவுதான். எமர்ஜென்சியில் எங்க ஆளுங்களை ஜெயிலில் போட்டீர்களே என்று அப்பா ஆரம்பித்தார். பஸ் டயத்துக்கு வந்திச்சே, அதைச் சொல்லுங்க என்றார் அவர். டயத்துக்கு வந்த பஸ்ஸில் ஏற ஜனம் வெளியே இருந்ததா என்று அப்பா கேட்டார். அம்மா என் இடுப்பில் கிள்ளி, "இவங்கதானோடி?" என்றாள். எனக்கும் அதே பயம்தான்.

அப்பாவைக் கூப்பிட அக்கா போனாள். ஜிப்பாக்காரரைக் கூப்பிட அவர் மகன் வந்தார். இரண்டு பேரையும் நகர்த்த முடியவில்லை. அந்த மகன் தணிந்த குரலில் அக்காவிடம் சொன்னார். "மனுஷன் பொறக்கறதுக்கு முன்னாடியே இந்தப் பாறை இங்க இருக்குதுங்க. இவங்க அடுத்த எலெக்‌ஷன் வரைக்கும் ரிசர்வ் பண்ணிகினு இருக்காங்க."

அக்கா சிரித்துவிட்டாள். பட்டுப் புடவை கட்டிய நாளில் அவள் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை.

அப்போதுதான் பஸ்ஸிலிருந்து தரகர் இறங்கி வந்தார். "அட, அதுக்குள்ள சம்பந்திங்க பேசவே ஆரம்பிச்சிட்டீங்களா? ரொம்ப சந்தோஷம்."

அப்பாவும் ஜிப்பாக்காரரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "இந்த ஆளு வூட்டு வாசப்படியை என் பொண்ணு மிதிக்க மாட்டா" என்றார் அப்பா. "மிதிக்கச் சொல்லி யாரு கூப்ட்டது?" என்றார் அவர்.

"எனக்குப் புடிச்சிருக்குதுப்பா" என்றாள் அக்கா. ரோட்டில், அத்தனை பேர் எதிரில், அவள் அதைச் சொன்னாள்.

"உனக்கு அரசியல் தெரியாதும்மா" என்றார் அப்பா.

கோட்டைக்குள் நாங்கள் நுழையவே இல்லை. புளிச்சோற்றைப் பஸ்ஸிலேயே தின்றோம். அடுத்த தை மாதம் அப்பா தன் கட்சிக்காரர் வீட்டிலேயே அக்காவைக் கொடுத்தார். மேடையில் தாலியைவிட மைக் அதிக நேரம் இருந்தது. அத்தான் கெட்டவர் இல்லை, கட்சி சொன்னால் சிரிப்பார்.

மறு எலெக்‌ஷனுக்கு இரண்டு கட்சியும் கூட்டணி சேர்ந்தன. ஆரணிக் கூட்டத்துக்கு வந்த கதர் ஜிப்பாக்காரரை அப்பா தோளில் கை போட்டு வீட்டுக்குச் சாப்பிட அழைத்து வந்தார். அந்தப் பாறையடிச் சண்டையைச் சொல்லிச் சொல்லி இருவரும் சிரித்தார்கள். பையனுக்குப் போன ஆவணியில் கல்யாணம் ஆனதாம். எனக்கு இருவர் இலையையும் இழுத்துவிடலாம் போல ஆத்திரமாக இருந்தது.

தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த அக்கா மோர் கொண்டுவந்து வைத்தாள்.

"அந்தப் பாறையில இப்ப யார் பேருங்க இருக்குது?" என்று கேட்டாள்.

"ரெண்டு கட்சியும்தாம்மா. பக்கத்துல பக்கத்துல எழுதியாச்சு. எடம் தாராளமா இருந்திச்சு" என்றார் ஜிப்பாக்காரர்.

"அன்னைக்கும் இருந்திச்சுங்க" என்றாள் அக்கா.

அப்பா தலையைக் குனிந்து சோற்றில் மோரை ஊற்றிப் பிசைந்துகொண்டே இருந்தார்.