அச்சில் வராத ஆறு பக்கங்கள்

விழுப்புரம் ஜங்ஷனில் பார்சல் கிளார்க்காக இருந்துகொண்டே பத்து வருஷத்துக்கு மேல் நான் புத்தக மதிப்புரை எழுதினேன். மூன்று நாவல்களும் எழுதினேன். இரண்டில் எதைச் செய்யாமல் இருந்திருந்தாலும் நிம்மதியாக இருந்திருப்பேன் என்று என் மனைவி சொல்வாள். இரண்டையுமே செய்யாமல் இருந்திருக்கலாம் என்பது என் கட்சி.

ஆரம்பித்தது ஒரு புகாரில்தான். சென்னையிலிருந்து வந்த ஒரு மாதப் பத்திரிகையில் யாரோ ஒரு நாவலை ஆகா ஓகோ என்று புகழ்ந்திருந்தார்கள். அந்த நாவலின் கதாநாயகி விழுப்புரத்தில் ரயில் ஏறி, ஒரே மணி நேரத்தில் வேலூர் போய் இறங்குகிறாள். அவ்வளவு வேகமாகப் போகிற வண்டியே கிடையாது. இதை எழுதியவர் ரயிலைத் தூரத்தில் புகையாகப் பார்த்ததோடு சரி என்று ஆசிரியருக்கு ஒரு கடிதம் போட்டேன். அவர் அதை அப்படியே அச்சிட்டுவிட்டு, அடுத்த மாதம் நான்கு நாவல்களை எனக்குப் பார்சலில் அனுப்பினார். பார்சலை வாங்கிப் பதிவு செய்ததும் நான்தான், பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டதும் நான்தான்.

பிறகு தொல்லை தொடங்கியது. எழுத்தாளர்கள் நேரில் வர ஆரம்பித்தார்கள். ஒருவர் புத்தகத்தோடு ஒரு மூட்டை வேர்க்கடலையும் கொண்டுவந்து வீட்டில் இறக்கிவிட்டுப் போனார். வேண்டாம் என்று சொல்ல நான் வீட்டில் இல்லை. மதிப்புரை வெளிவந்த வாரம் அதே மனிதர் பார்சல் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்.

"என் மல்லாட்டை மூட்டையத் திருப்பிக் குடுங்க."

"கால் மூட்டையை அவிச்சுத் தின்னாச்சே ஐயா."

"மிச்சத்தைக் குடுங்க. என் எழுத்துல சாரமில்லன்னு எழுதத் தெரிஞ்சுது, மல்லாட்டையில மட்டும் சாரம் இருந்துச்சா?"

மூட்டை தூக்கும் போர்ட்டர்கள் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். மிச்சத்தைத் தூக்கிக் கொடுத்தேன்.

என் முதல் நாவல் வந்தபோது இதைவிட மோசம். ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. நாளைக்குத் தங்கள் புத்தகம் என் கையில் அகப்படும் என்ற பயம். 'காவியம்' என்று ஒருவர் எழுதினார். அந்த நாவலின் நடுவில் ஐம்பது பக்கம் எனக்கே படிக்கப் பிடிக்காது. அந்த ஐம்பது பக்கத்தையும் சேர்த்துத்தான் காவியம் என்றார். இரண்டாவது நாவலுக்கும் இதே கதை. நல்ல புத்தகமா கெட்ட புத்தகமா என்று தெரிந்துகொள்ள எனக்கு வழியே இல்லாமல் போயிற்று.

யுத்தம் தொடங்கிக் காகிதத்துக்குத் தட்டுப்பாடு வந்த சமயத்தில் ஒரு மெல்லிய நாவல் வந்து சேர்ந்தது. திண்டிவனத்தில் கல்யாணப் பத்திரிகையும் நோட்டீசும் அடிக்கிற ஒரு சின்ன அச்சகத்தில் அடித்தது. வரிக்கு ஒரு பிழை. எழுதியவர் அங்கே மிஷன் பெண்கள் பள்ளியில் தலைமை ஆசிரியை என்று முன்னுரையில் இருந்தது. பெற்றோர் வல்லம் பக்கத்தில் நிலமில்லாத கூலிக்காரர்கள் என்றும் அவரே எழுதியிருந்தார்.

முதல் மூன்று அத்தியாயமும் வெறும் உபதேசம். எரிச்சலோடு பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே போனேன். நாலாவது அத்தியாயத்தில் பென்சில் நின்றுவிட்டது.

வேர்க்கடலை பறிக்கும் பெண்கள் சாயங்காலம் வரிசையாகக் களத்தை விட்டு வெளியே வருகிறார்கள். கடலையைத் தின்றார்களா என்று பார்க்க மேஸ்திரி ஒவ்வொருத்தியையும் வாயைத் திறக்கச் சொல்கிறான். கதையில் வரும் பெண் அவன் சொல்லுமுன்பே வாயை அகலத் திறந்து, உரக்கப் பாடிக்கொண்டே அவனைக் கடந்து போகிறாள். "பாத்துக்கோ" என்று சொல்வதில்லை, திட்டுவதில்லை, அழுவதில்லை. தினமும் பாடிக்கொண்டு போகிறாள். கொஞ்ச நாளில் வரிசை முழுவதும் பாடுகிறது. மேஸ்திரி தலையைக் குனிந்துகொள்கிறான்.

ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கடைசிப் பக்கம் வரை படித்தேன். அன்று பாண்டிச்சேரிக்குப் போகவேண்டிய மாம்பழக் கூடைகளைக் காட்பாடி வண்டியில் ஏற்றிவிட்டேன் என்று எனக்கு மெமோ வந்தது. அதைப் பற்றி இன்றைக்கும் எனக்கு வருத்தமில்லை.

எட்டுப் பக்கம் எழுதினேன். என் வழக்கப்படி குறைகள் முதல் இரண்டு பக்கம். குறையை முதலில் சொல்லிவிட்டால் பின்னால் வரும் பாராட்டை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். மீதி ஆறு பக்கமும் அந்தப் பெண்ணைப் பற்றி, அந்தப் பாட்டைப் பற்றி, தமிழில் இப்படி ஒரு காட்சியை நான் படித்ததில்லை என்பதைப் பற்றி. கார்பன் தாள் கிடைக்காத காலம். நகல் வைத்துக்கொள்ளாமல் அனுப்பிவிட்டேன்.

பத்திரிகை வந்தது. 'பிரசங்கமா, நாவலா?' என்று ஆசிரியர் தலைப்புக் கொடுத்திருந்தார். ஒரே பக்கம். "பிரசங்கத்துக்குக் கதை என்று பெயர் வைத்துவிட்டால் அது கதையாகிவிடாது" என்ற என் வாக்கியத்தோடு முடிந்திருந்தது. ஆறு பக்கத்தைக் காணோம்.

அடுத்த வாரமே சென்னைக்குப் போனேன். ஆசிரியர் வெற்றிலையை மடித்துக்கொண்டே பேசினார்.

"காகிதமே இல்லை சார். பத்திரிகையைப் பாதியாக் குறைச்சாச்சு. நான் என்ன பண்ணட்டும்?"

"முதல் ரெண்டு பக்கத்தை வெட்டியிருக்கலாமே?"

"உங்ககிட்ட ஜனங்க எதிர்பாக்கறது சாட்டையடி. பூமாலை கட்டறதுக்கு ஊருக்கு நூறு பேர் இருக்கான்."

"மீதி ஆறு பக்கம் எங்கே?"

"கம்பாசிட்டரைக் கேட்டுப் பாருங்களேன்."

எழுத்துக் கோத்துக்கொண்டிருந்த கம்பாசிட்டர் தன் காலடியில் கிடந்த குப்பைக் கூடையைப் பார்த்தார். அது காலியாக இருந்தது. நானும் பார்த்தேன். வேறு என்ன செய்வது?

ஒருநாள் லீவு போட்டுவிட்டுக் காலை பாசஞ்சரில் திண்டிவனம் போனேன். வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். பள்ளிக்கூடம் ஓடு போட்ட நீளக் கட்டடம். தலைமை ஆசிரியைக்கு நாற்பது வயதிருக்கும். வெள்ளைப் புடவை. மூக்குக் கண்ணாடியின் ஒரு காதுக்கம்பி முறிந்துபோய், நூல் கட்டியிருந்தது.

"வாங்க சார், உக்காருங்க. எந்தப் பொண்ணோட அப்பாருங்க நீங்க?"

"நான் யாரோட அப்பாவும் இல்லீங்க டீச்சரம்மா. உங்க புஸ்தகத்துக்கு மதிப்புரை எழுதினவன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். "வெயில்ல வந்திருக்கீங்க. தண்ணி குடிங்க" என்றார்.

எட்டுப் பக்கக் கதையை நான் சொல்லி முடித்தேன். வீட்டுப்பாடம் ஏன் எழுதவில்லை என்று ஒரு பிள்ளை காரணம் சொல்வதைக் கேட்பதுபோலப் பொறுமையாகக் கேட்டார்.

"மீதி ஆறு பக்கம் இருந்துச்சுன்னே வெச்சுக்குவோம். அச்சுல வந்ததை எழுதினது யாரு சார்?"

"நான்தான்."

"அப்போ சரியாத்தானே போட்டிருக்காங்க."

பேச்சை மாற்றுவதாக நினைத்துக்கொண்டு, அடுத்தது என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டேன்.

"எழுதிக்கினு இருந்தேன். பாதிக்கு மேல முடிஞ்சிருந்துச்சு."

"இப்போ?"

அவர் மூன்றாம் வகுப்புப் பக்கம் கையைக் காட்டினார். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து பெருக்கல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சிலேட்டில் இல்லை, தாளில். எழுந்து போய் ஒருத்தியின் தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் முழுவதும் உருண்டை உருண்டையாக மை எழுத்து. 'அவள் கூடையை இறக்கவில்லை' என்று ஒரு வாக்கியம் தொடங்கியிருந்தது. அடுத்தவளின் தாளைத் திருப்பினேன். வேறொரு அத்தியாயம். மூன்றாவது பெண் தாளை மார்போடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"டீச்சர், இந்த சாரு என் கணக்கைப் புடுங்குறாரு!"

"வுடுங்க சார்" என்றார் தலைமை ஆசிரியை. "புள்ளைங்களுக்கு எழுதத் தாள் கிடைக்கல. ஒரு பக்கம் காலியாத்தானே இருந்துச்சு."

"யாரோ ஒருத்தன் என்னமோ எழுதிட்டான்னு ஒரு நாவலையே இப்படிப் பண்ணுவாங்களா?" என் குரல் உயர்ந்துவிட்டது. வகுப்பு முழுவதும் என்னைப் பார்த்தது.

அவர் குரல் உயரவில்லை. "யாரோ ஒருத்தர் இல்லீங்க. உங்க மதிப்புரைய நான் மாசாமாசம் படிச்சுக்கினு வர்றவ. மத்தவங்களைப் பத்தி நீங்க எழுதினது எல்லாம் சரின்னுதான் எனக்குப் பட்டுச்சு. என்னைப் பத்தி எழுதினா மட்டும் தப்புன்னு நான் எப்படிச் சொல்றது?"

என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த பெரிய மரியாதை அது. அதைவிடப் பெரிய அடியும் வேறில்லை. இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்தால் மனிதன் என்ன செய்வான்? எனக்குக் கோபம்தான் வந்தது. ஆசிரியர் மேல் கொஞ்சம், அந்த அம்மாள் மேல் கொஞ்சம், மீதி முழுவதும் என் மேல்.

கணக்குப் போட்டுத் திருத்தி முடித்த தாள்களை எடுத்துப் போக அனுமதித்தார். முப்பத்தேழு கிடைத்தன. வண்டியில் மடியில் பரப்பி வைத்து வரிசைப்படுத்திப் பார்த்தேன். பக்க எண் கிடையாது. ஒரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும் நடுவே எத்தனை போயிற்றோ தெரியவில்லை. ஆனாலும் ஒவ்வொரு தாளும் என் இரண்டு நாவலையும் விட உயிரோடு இருந்தது.

வீட்டில் மனைவி அந்தத் தாள்களை அடுப்படியில் உட்கார்ந்து படித்தாள். குழம்பு அடிப்பிடிக்கிற வாசனை வந்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

"இந்தம்மாவுக்குக் கதை சொல்லத் தெரியுதுங்க."

"அப்போ எனக்கு?"

"உங்களுக்கு எழுதத் தெரியுது" என்று சொல்லிவிட்டுச் சட்டியை இறக்கப் போனாள்.

தொலைந்த ஆறு பக்கத்தை மறுபடி எழுதினேன். முதலில் எழுதியது மாதிரி வரவில்லை. ஒரே புத்தகத்துக்கு இரண்டு தடவை மதிப்புரை போடுவது பத்திரிகைக்கு வழக்கமில்லை என்று ஆசிரியர் திருப்பி அனுப்பினார். இன்னொரு சிறு பத்திரிகை ஏற்றுக்கொண்டது. ஏழு மாதம் கழித்து வெளியிட்டது, அந்த அம்மாளின் பெயரைத் தப்பாக அச்சடித்து. தலையில் அடித்துக்கொண்டு ஒரு பிரதியைத் திண்டிவனத்துக்கு அனுப்பினேன்.

பதிலுக்கு ஒரு கார்டு வந்தது. நன்றி சொல்லியிருந்தார். பெயர் தவறைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கீழே பொடி எழுத்தில், என் இரண்டாவது நாவலை இரவல் வாங்கிப் படித்ததாக எழுதியிருந்தார். 'தங்கள் கதையில் வரும் கூலிக்காரப் பெண் தனக்குப் பசிக்கிறது என்று ஆறு இடங்களில் சொல்கிறாள். பசித்திருக்கிறவள் அவ்வளவு தடவை சொல்லமாட்டாள்.'

இரண்டு நாள் அந்தக் கார்டை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டி வைத்தேன். மூன்றாம் நாள் நாவலை எடுத்து எண்ணிப் பார்த்தேன். ஆறு இல்லை, ஏழு.

மூன்றாவது நாவலின் கைப்பிரதியை அவருக்கே அனுப்பினேன். பரீட்சைத் தாளைத் திருத்துகிற மாதிரி சிவப்பு மையில் திருத்தி, எல்லாப் பக்கத்தையும் தைத்து அனுப்பினார். ஓரங்களில் சின்னச் சின்னக் குறிப்புகள்: 'இங்கே இவள் எதற்குச் சிரிக்கிறாள்?' 'கேப்பைக்கூழ் இவ்வளவு சீக்கிரம் ஆறாது.' 'இந்தப் பக்கம் நன்றாக இருக்கிறது.' நன்றாக இருக்கிறது என்று எழுதிய பக்கங்கள் பதினொன்று. மற்றவர்கள் 'காவியம்' என்று எழுதியதைவிட எனக்கு அந்தப் பதினொன்று பெரிது. ஆனால் எரிச்சலும் அடங்கவில்லை. என்னுடையதைத் திருத்த அவருக்கு இத்தனை நேரம் இருந்தது. தன்னுடையதை எழுத மட்டும் நேரமில்லையா? கேட்டு எழுதினேன். 'பிறத்தியாருடையதைத் திருத்துவது சுலபம். தங்களுக்குத் தெரியாததா?' என்று பதில் வந்தது.

யுத்தம் முடிந்தது. சந்தையில் காகிதம் மெல்ல மெல்லத் தலைகாட்டியது. முப்பத்தேழு தாளையும் நல்ல காகிதத்தில் நானே பிரதி எடுத்தேன். அதை அனுப்புவதற்குள், தனக்குத் தெற்கே வேறொரு மிஷன் பள்ளிக்கு மாற்றலாகிவிட்டது, விழுப்புரத்தில் வண்டி மாறுவேன் என்று அவரிடமிருந்தே கார்டு வந்தது.

பிளாட்பாரத்தில் ஒரு டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். பிரதி எடுத்த தாள்களை நீட்டினேன். மேல் தாளை மட்டும் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டார்.

"உங்க எழுத்து அழகா இருக்குது சார்."

"அது இருக்கட்டும். மீதியை எழுதுங்க."

"எங்க எழுதறது? அந்தப் பொண்ணு என்ன ஆனான்னு எனக்கே மறந்துபோச்சு."

"எனக்கு ஞாபகம் இருக்கு, நான் சொல்றேன்" என்று ஆரம்பித்தேன். கூடையை இறக்காமல் நின்றது, மேஸ்திரி வீட்டுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கப் போனது, அங்கே வாசலில் தடுத்தது எல்லாவற்றையும் சொன்னேன். யாரோ எழுதிய கதையைக் கேட்பதுபோல அவர் முன்னால் சாய்ந்து கேட்டார். இரண்டு தடவை தலையை ஆட்டினார். ஒரு இடத்தில் சிரித்தார். வண்டி வந்து நின்றது. பெட்டியை ஏற்றி, அவரை ஜன்னல் ஓரம் உட்கார வைத்தேன்.

"வாசல்ல தடுத்தாங்க. அப்புறம்?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டார்.

அதற்கு அடுத்த தாள் என்னிடம் இல்லை.

"அதை நீங்கதாம்மா சொல்லணும்! என்னைக் கேட்டா?" என்று கத்திவிட்டேன். பக்கத்தில் முறுக்கு விற்றவர் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மாள் ஏதோ பதில் சொன்னார். எஞ்சின் ஊதிய சத்தத்தில் எனக்குக் காது கேட்கவில்லை. "என்ன?" என்று நகரும் வண்டியோடு நாலடி நடந்தேன். அவர் கையை மட்டும் அசைத்தார்.

அதற்குப் பிறகு அவர் பெயரில் எதுவும் அச்சில் வந்ததாக நான் பார்க்கவில்லை. இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. எழுதினாரோ, எழுதி வைத்திருக்கிறாரோ, அந்த ஊரிலும் பிள்ளைகளுக்குக் கணக்குத் தாள் வேண்டியிருந்ததோ தெரியாது. ஜன்னலில் என்ன சொன்னார் என்று இன்றுவரை யோசித்துப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போகிறேன்.