நான் பார்த்த அளவு

அன்று காலை அண்ணனின் பிக்கப் வேனில் முன்னால் உட்கார்ந்திருந்தேன். சின்னமனூரில் வாழைத்தார் இறக்கிவிட்டு உத்தமபாளையம் திரும்பிக்கொண்டிருந்தோம். கணவர் மௌத்தாகி நான் விதவையான பிறகு ஆறு வருடமாக நான் அண்ணன் வீட்டில்தான் இருக்கிறேன், தையல் தைத்துக்கொண்டு. வழியில் அண்ணனுக்குப் போன் வந்தது. இடது கையால் எடுத்துத் திரையைப் பார்த்தார். அந்தக் கணத்தில் தலையில் புல்லுக்கட்டோடு ஒரு அம்மா பாதிச் சாலைக்கு வந்திருந்தார். "அண்ணே" என்றேன். குரல் வெளியே வந்ததா என்று எனக்கே தெரியாது. அதற்குள் வண்டி இடித்துவிட்டது.

அண்ணன் ஓடிவிடவில்லை. அவரே அந்த அம்மாவைத் தூக்கி வண்டியில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். தொடை எலும்பு முறிந்திருந்தது. ஆபரேஷன் முடியும்வரை பச்சைத்தண்ணீர் குடிக்காமல் வராந்தாவில் நின்றார். ஆனால் போலீஸ் வந்து கேட்டபோது, "திடீர்னு குறுக்க ஓடியாந்துட்டாக சார்" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். திங்கட்கிழமை நானும் ஸ்டேஷனுக்கு வந்து பார்த்ததைச் சொல்ல வேண்டும் என்று அந்தப் போலீஸ்காரர் எழுதிக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் மெதுவாகத்தான் பேசினார்.

"மடியில துணிய வச்சுப் பாத்துக்கிட்டு இருந்தேன்னு சொல்லிரு. எதையும் கவனிக்கலன்னு சொல்லு, போதும்."

"கவனிச்சேன்ண்ணே."

"லைசென்ஸ் போச்சுன்னா இந்த வீட்ட யாரு பாக்குறது? நீயே சொல்லுத்தா."

அவர் திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. கெஞ்சிய மனிதர் நாளைக்கு என்னை எப்படிப் பார்ப்பார், இந்த வீட்டை விட்டால் எனக்குப் போக்கிடம் எது என்றுதான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அந்த அம்மாவின் மகள் வாசலுக்கு வந்தாள். என் வயதுதான் இருக்கும். அழுது முகம் வீங்கியிருந்தது.

"ஒங்க அண்ணன் குடிச்சிருந்தாகன்னு சொல்லுங்க. கூட வந்தவுக நீங்க சொன்னா நம்புவாக."

"அவுக குடிக்க மாட்டாகம்மா. அன்னைக்கும் குடிக்கல."

"அப்ப நீங்களும் அவுக பக்கந்தான்" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். தெருமுனை வரைக்கும் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். அவளுடைய ஆட்கள் சேர்ந்து வருவார்களோ என்று கதவைத் தாழிட்டேன். பகலிலேயே தாழிட்டேன்.

அந்த மூன்று நாளும் நான் தொழுத தொழுகை கொஞ்சமில்லை. கடமையான தொழுகை போக உபரியாகத் தொழுதுகொண்டே இருந்தேன். ஞாயிறன்று நோன்பும் வைத்தேன். அன்று மாலை அஸர் தொழுகைக்குக் கை கால் முகம் கழுவி ஒளு செய்தவள், சரியாகச் செய்தேனா என்று சந்தேகப்பட்டு மறுபடி செய்தேன். மூன்றாம் தடவை, நான்காம் தடவை. மதினி வந்து எட்டிப் பார்த்தார்.

"தொட்டியில தண்ணி தீந்துருச்சு. என்ன செய்யிற நீ?"

ஈரக் கையோடு அப்படியே நின்றேன். ஆற்றங்கரையில் இருந்தாலும் ஒளுவுக்குத் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று சின்ன வயதில் ஓதியவள் நான். என்னிடம் கேட்கப்பட்டது, பார்த்ததைச் சொல்லும் இரண்டு வாக்கியம். அதைச் சொல்லப் பயந்துகொண்டு, கேட்காததையெல்லாம் அளவில்லாமல் செய்துகொண்டிருந்தேன். சொந்த உறவுக்கு எதிராகவே இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்ற குர்ஆனின் கட்டளை எனக்குத் தெரியாததல்ல. தெரிந்ததால்தான் அவ்வளவு பயம்.

திங்கட்கிழமை காலை அண்ணன் சாப்பிட உட்காரும் முன்பே சொன்னேன். மறைத்துச் செய்வது அவருக்கு நான் செய்யும் அநியாயமாகப் பட்டது.

"பாத்தத மட்டும் சொல்லப் போறேன்ண்ணே. கூட்டவும் மாட்டேன், கொறைக்கவும் மாட்டேன்."

அவர் சாப்பிடாமலே வெளியே போய்விட்டார். நான் தனியாக நடந்தே போனேன்.

எஸ்.ஐ. ஒவ்வொன்றாகக் கேட்டார். குடித்திருந்தாரா? இல்லை. ரொம்ப வேகமா? இல்லை. கையில் போன் இருந்ததா? தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

"இருந்துச்சு சார். ஸ்கிரீனப் பாத்தாக. அந்தம்மா ஓடல. நடந்துதான் வந்தாக."

கையெழுத்துப் போடும்போது பேனா கோட்டை விட்டு இறங்கிப்போனது.

அதன்பிறகு ஒரு மாதத்துக்கும் மேலாக அண்ணன் என்னோடு பேசவில்லை. அவர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே மெஷினை நிறுத்திவிடுவேன், இன்றைக்குப் போகச் சொல்லிவிடுவாரோ என்று. சொல்லவில்லை. கோர்ட்டில் அவரே குற்றத்தை ஒத்துக்கொண்டார். லைசென்ஸைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தார்கள். வேறு டிரைவர் வைத்து வண்டி ஓடியது. ஒரு மதியம் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"நான் குடிக்கலன்னு நீதான் அழுத்திச் சொன்னியாமே."

"கேட்டாக. சொன்னேன்."

"அந்தம்மாவப் பாக்கணும். தனியாப் போகப் பயமா இருக்கு. நீ வர்றியா?" என்றார்.

போனோம். அந்த அம்மா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மகள் எங்களைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். அண்ணன் நிலைப்படியைத் தாண்டாமல், "நான் போனப் பாத்துட்டேன்த்தா. ஓடியாந்தீகன்னு சொன்னது பொய்" என்றார். அவர் குரல் அப்படி நடுங்கி நான் கேட்டதேயில்லை.

அந்த அம்மா என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"நான் ஓடலன்னு ஆஸ்பத்திரியில எத்தன பேருகிட்ட சொல்லியிருப்பேன். ஒருத்தரும் காதுல வாங்கல. வா, இங்கன வந்து உக்காரு."