சோலைமலை பொருத்திய இரண்டு விளக்குகள்

வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே மேமலைத் தோட்டத்தில் பெய்யும் பனிமூட்டத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒருமுறை டோபி அதன்மேல் துரையின் சட்டைகளை உலரப் போட்டுவிட்டு, பனி விலகியதும் எட்டுச் சட்டைகளையும் தேயிலைச் செடிகளில் தேடி எடுத்தான். அப்படிப்பட்ட ஊரில் ஒரு காருக்கு உயிர் இஞ்சினில் இல்லை, முன்விளக்கில்தான் இருக்கிறது என்பார் சோலைமலை. தோட்டத்துத் துரையின் கார்களைப் பழுது பார்ப்பவர் அவர். இந்த விளக்கு விஷயத்தைத் தவிர வேறு எதையும் அடித்துப் பேசிப் பழகாதவர்.

ஐந்து வயதில் அப்பனின் தோளில் துறையூரிலிருந்து வந்து இறங்கியவர் சோலைமலை. பிறகு இந்த மலையை விட்டு ஒருநாள்கூட வெளியே தங்கியதில்லை. ஐம்பத்து நாலாம் ஆண்டு ஆடி மாதத்தில் அவருக்கு வந்த வினை, அதை எழுத்தில் காட்டச் சொன்னதுதான். பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. விசாரணைக்கு நாள் குறித்துக் கடிதம் வந்துவிட்டது. முப்பத்தொன்பதிலிருந்து இடைவிடாமல் இலங்கையில் இருந்ததற்கு ஆதாரம் கொண்டு வரவேண்டும்.

மற்ற ஆட்களுக்குச் செக்ரோல் புத்தகம் இருந்தது. மலைக்கு வேலைக்குப் போன நாளெல்லாம் அதில் பெயர் ஏறியிருக்கும். சோலைமலையின் பெயர் எதிலும் ஏறவில்லை. துரை தன் சொந்தக் காருக்காகத் தன் சொந்தப் பையிலிருந்து சம்பளம் கொடுத்து வைத்திருந்த ஆள் அவர். ஆட்கள் குடியிருந்த லயத்தில் எல்லாரும் பொறாமைப்பட்ட வேலை அது. பதினாறு வருஷம் கழித்துப் பார்த்தால், அந்தப் பெருமைக்குச் சாட்சியாக உலகத்தில் ஒரே ஒரு மனிதர்தான் இருந்தார். அவரும் தோட்டத்தை விட்டுச் சீமைக்குக் கப்பலேறப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

சாட்சிக் கடிதம் தருவதற்குத் துரை ஒரு நிபந்தனை போட்டார். பழைய ஆஸ்டின் ஒன்று பத்து வருஷமாக உரக் கொட்டகையில் கிடந்தது. கொழும்பில் பழைய கார்ப் பைத்தியம் பிடித்த வக்கீல் ஒருவர் அதைக் கேட்டிருந்தார்.

“சோலமலை, கார் ஓடும். ரெண்டு லைட் நல்லா எரியும். வக்கீல் வாங்கும். அப்புறம் நான் லெட்டர் எழுதும். வருஷம் எல்லாம் போடும்,” என்றார், ஆட்களிடம் பேசிப் பழகிய தமிழில்.

அந்தக் காரின் கோலத்தைச் சொல்லவேண்டும். இஞ்சின்மேல் கோழி ஒன்று அடைகாத்து ஒன்பது குஞ்சு பொரித்திருந்தது. மூடியைத் திறந்ததும் தாய்க்கோழி சோலைமலையை, வாடகை கேட்க வந்தவரைப் பார்ப்பதுபோல் பார்த்தது. ஆறு வாரத்தில் இஞ்சினை உயிர்ப்பித்தார். சக்கரங்களுக்கு மேலிருந்த மட்காட்டுகளைத் தட்டி நிமிர்த்தினார். கடைசியில் விளக்குகளுக்கு வந்தார். உள்ளே வெள்ளி பூசிய கண்ணாடிபோன்ற கிண்ணம் கறுத்துப்போயிருந்தது. அடுப்புச் சாம்பல் கீறும், மண் கீறும். கோயில் திருநீற்றை மெல்லிய துணியில் தொட்டு, குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல் துடைத்தார்.

“சாமிக்கு வச்சிருந்த துந்நூற எல்லாம் காருக்குப் பூசிட்டீங்களே,” என்றாள் மனைவி வேலாயி. “நாளைக்கு அதுக்குக் காவடி எடுக்கவும் சொல்லுவீங்க.”

“கடுதாசி மட்டும் கெடைக்கட்டும் புள்ள. நானே எடுக்கிறேன்.”

இரண்டு மட்காட்டுக்கும் நடுவே ஓடும் கம்பியில் ஒவ்வொரு விளக்கும் ஒரு வார்ப்புக் காதில், காதுபோல் வளைந்த இரும்புப் பிடியில், உட்காரும். அடியில் ஒரு நட்டு. அதைத் தளர்த்தினால் விளக்கு மேலும் கீழும் பக்கவாட்டிலும் திரும்பும். இறுக்கினால் நின்ற இடத்தில் நிற்கும். எங்கே நிறுத்துவது என்பதில்தான் வித்தை. வெளிச்சம் உயர்ந்தால் எதிரே வருபவனின் கண்ணைக் குருடாக்கும். தாழ்ந்தால் ஓட்டுபவனுக்குத் தன் சக்கரத்தைத் தவிர ஒன்றும் தெரியாது. இருபத்தைந்து அடி தூரத்தில் ஒரு சுவர் வேண்டும், காரை நிறுத்தச் சமதரை வேண்டும்.

மேமலையில் சமதரை என்று எல்லாரும் சொன்னது பெரட்டுக்களத்தைத்தான். விடியற்காலையில் ஆட்கள் வரிசைகட்டி நின்று அன்றைய வேலையைக் கேட்டுக்கொள்ளும் இடம். அதன் கீழ்க்கோடியில் தேயிலை அரைக்கும் ஸ்டோரின் வெள்ளைச் சுவர். மழை இருட்டால் மூன்று மணிக்கே மங்கிப்போன ஒரு நாளில் சோலைமலை காரை அங்கே கொண்டுவந்து சுவரைப் பார்க்க நிறுத்தினார். கொத்தனார் அழகனிடம் ரசமட்டத்தை இரவல் வாங்கி, விளக்கின் நடுப்புள்ளியிலிருந்து சுவருக்கு நூல் பிடித்து, நூல் மட்டமாக நின்ற உயரத்தில் கரியால் இரண்டு சிலுவைக் குறி போட்டார்.

காருக்குள் பாரம் இல்லாவிட்டால் பின்பக்கம் எழும்பிக் கணக்குத் தப்பும். ஆகையால் வேலாயியையும் செல்லசாமிக் கங்காணியையும் பின் சீட்டில் ஏற்றினார். வேலாயி கொழுந்துக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“ஏ கங்காணி, கண்டிக்கு வுடச் சொல்லு வண்டிய!”

“தொரைசாணி அம்மா, மொதல்ல கால்ல இருக்கிற அட்டையப் புடுங்கி எறியுங்க. சீட்டு அழுக்காவுது,” என்றார் கங்காணி.

ஒரு விளக்கைச் சாக்கால் மூடி மற்றதைத் திருப்பினார். வட்டமான வெளிச்சம் சுவரில் ஏறி இறங்கிக் கரிக்குறிக்குச் சற்றுக் கீழே வந்து உட்கார்ந்தது. நட்டை இறுக்கினார். அடுத்ததும் அப்படியே. இரண்டு நிலாக்கள் அளந்து வைத்ததுபோல் சுவரில் நின்றன. “இனிமே இத ஆண்டவனே வந்து அசைச்சாலும் அசையாது,” என்று சொல்லி, நட்டுகளை இன்னும் ஒரு சுற்று முறுக்கினார்.

கையிலிருந்த ரசமட்டத்தை ஒரேயொரு தடவை தரையில் வைத்துப் பார்க்க அவருக்கும் தோன்றவில்லை, கங்காணிக்கும் தோன்றவில்லை. சின்ன வயது முதல் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே என்று சரிவில் நின்றே வளர்ந்த சனம். கொஞ்சம் சாய்ந்த இடம் கிடைத்தால் அதுவே அவர்களுக்கு மைதானம்.

துரை புறப்படும் நாள் காலையில், நுவரெலியாவில் ஒரு கராஜில் வக்கீல் காத்திருந்தார். துரையை ஏற்றிக்கொண்டு சோலைமலை ஓட்டிவந்த காரைச் சோதிக்கக் கனகலிங்கம் என்ற யாழ்ப்பாணத்து இஞ்சினியரை அமர்த்தியிருந்தார். கராஜுக்குச் சிமெந்துத் தரை. இஞ்சின் சத்தத்தைக் கேட்ட கனகலிங்கம் தலையாட்டினார். பிரேக்கை மிதித்துவிட்டும் தலையாட்டினார். கதவைச் சாத்தி விளக்குகளைப் போட்டதும் சிரித்துவிட்டார். இரண்டு நிலாவும் சுவரைத் தாண்டிக் கூரைத் தகரத்தில் நின்றன.

“என்ன காணும் இது? றோட்டில போறதுக்கோ, வௌவால் பிடிக்கிறதுக்கோ?”

“நூல் புடிச்சு வச்சேங்க ஐயா. பெரட்டுக்களத்துல. அது தட்டைங்க.”

“தட்டையோ? மழை பெய்தால் தண்ணி எங்க ஓடும்?”

“செவுத்தோரக் கானுக்குங்க...” என்று சொல்லி வந்த சோலைமலை நிறுத்திக்கொண்டார். சரிவில் மூக்குக் குனிந்து நின்ற காருக்கு விளக்கை நிமிர்த்தி வைத்திருந்தார். கார் நிமிர்ந்ததும் விளக்கு வானம் பார்த்தது.

“பத்து நிமிச வேலை. செய்யும், நான் வக்கீலோட கதைச்சுக்கொண்டிருக்கிறன்,” என்றார் கனகலிங்கம். நல்ல மனிதர்.

ஆனால் நட்டு இளகவில்லை. சோலைமலை ஸ்பேனரைப் போட்டு இழுத்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே துரை வாசலில் நடந்துகொண்டிருந்தார். இன்னொரு இழுப்பு. இருபது வருஷத்து வார்ப்புக் காது முறிந்து, வலது விளக்கு ஒயரில் தொங்கியது.

வக்கீல் குனிந்து பார்த்தார். “இந்தக் காதுக்கு நான் எங்கே போறது?” என்று கையைத் துடைத்துக்கொண்டு தம் காரில் ஏறிப் போய்விட்டார். நானுஓயா ரயிலுக்குப் போக வாடகைக் கார் வந்து நின்றது.

“தொரை, கடுதாசிங்க. எனக்கு வேற யாரும் சாட்சி இல்லைங்க.”

துரை ஒரு துண்டுத் தாளைக் கிழித்து, ஆஸ்டினின் பானட்மேல் வைத்து, நின்றபடியே இரண்டு வரி எழுதிக் கையில் திணித்தார். கார் புறப்பட்டது. தாளில் இருந்தது ஆங்கிலம்; படித்துச் சொல்லச் சொல்லிச் சோலைமலை அதைக் கனகலிங்கத்திடம் நீட்டினார்.

“இவர் என்னுடைய காரில் வேலை செய்தவர், நேர்மையானவர் எண்டு எழுதியிருக்கு.”

“வருசம்?”

“வருசம் இல்லையே, காணும்.”

“நீங்களே போட்டுத் தாங்க ஐயா. பேனா இருக்குல்ல.”

“ரெண்டு கையெழுத்தெண்டு தெரிஞ்சால் உம்மைப் பிடிச்சு மறியலுக்குள்ள எல்லோ பூட்டுவாங்கள். ஓடும், ரயில் இன்னும் நிக்கும்.”

தொங்கிய விளக்கைக் கயிற்றால் கட்டிக்கொண்டு சோலைமலை நானுஓயாவுக்கு ஓட்டினார். வழியெல்லாம் வெள்ளைப் பனி. எரிந்த ஒற்றை விளக்கு, மரங்களின் நுனியை மட்டும் நன்றாகக் காட்டியது. வளைவுக்கு வளைவு இறங்கி, ரோட்டைக் காலால் தடவிப் பார்த்து, மறுபடி ஏறி ஓட்டினார். ஸ்டேஷனுக்கு வந்தபோது ரயிலை அனுப்பிவிட்டுப் போர்ட்டர் கொடியைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

விசாரணை ஐந்து நிமிஷம்கூட நடக்கவில்லை. உத்தியோகத்தர் தாளைப் புரட்டிப் பின்பக்கமும் பார்த்தார். எந்த வருஷத்திலிருந்து என்று கேட்டார். சோலைமலை சொன்னார். “நீ சொல்றது சரி. எழுத்து எங்கே?” என்றார். நிராகரித்த கடிதம் மார்கழியில் வந்தது. மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம், புதிய ஆதாரம் இருந்தால்.

புதுத் துரைக்குச் சொந்தமாக டிரைவர் இருந்தான். சோலைமலை, தேயிலைச் செடிகளுக்கிடையே மண்ணைக் குத்திக் கிளறும் முள்ளுக்குத்து வேலைக்குப் போனார். இப்போது செக்ரோலில் அவர் பெயர் ஏறியது, முதல் தடவையாக, ஐம்பத்தைந்தாம் ஆண்டு என்று.

“தொரைக்கே ஒரு கடுதாசி போட்டா என்னாங்க?” என்று ஒருநாள் வேலாயி கேட்டாள். “நல்ல மனுசன்தானே. வருசத்த எழுதி அனுப்ப மாட்டாரா? போன ஊரு பேரு என்னா?”

“இங்கிலாந்து.”

“அது தெரியும். அதுல எந்தத் தோட்டம்?”

சோலைமலை ஏற்கெனவே தபால்காரரிடமிருந்து விலைக்கு வாங்கி வந்திருந்த நீல உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெறுநர் பக்கத்தில் “துரை” என்று மட்டும் எழுதியிருந்தார். அதற்குக் கீழே என்ன எழுதுவது என்று அவர் கேட்காத ஆள் அந்தத் தோட்டத்தில் இல்லை.